சக்கைக்கு முன்னால்

வாரத்தில் மூன்று நாள்
பொம்மசந்திராவிலிருந்து கெலமங்கலத்துக்கு
சக்கை ஏற்றி வருகிறேன்.
பீர் காய்ச்சி எடுத்த பார்லிச் சக்கை,
வெந்த சூடு ஆறாத இருபது நீல டிரம்.
ஜூஜுவாடி தாண்டும்போது
பின்னால் வரும் பைக்காரன் மூக்கைச் சுளிப்பான்,
அப்புறம் ஏனோ
முந்திப் போகாமல் கொஞ்ச தூரம் கூடவே வருவான்.

நாலு வருஷமாகிறது.
உமி தெரியும். ஈரத்தின் எடை தெரியும்.
அத்திப்பள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால்
எந்த டிரம் முதலில் புளிக்கும் என்பதும் தெரியும்.
உள்ளிருந்து எதை உருவிக்கொண்டு அனுப்புகிறார்கள் என்று
கேட்டதில்லை.

நேற்று ஜோயல் சார் ஒரு பாட்டில் தந்தார்.
மூடியில் பேனாவால் 'பிட்டர்' என்று எழுதியிருந்தது.
"இங்கிலாந்துப் பக்குவம் மாரப்பா.
இங்கே யாரும் ரெண்டாவது கிளாஸ் கேட்கல.
ஐஸில் மட்டும் வைக்காதே."

எங்கள் ஊர்க் கடையில்
எல்லாப் பாட்டிலுக்கும் ராஜா பெயர், யானைப் பெயர்.
கசப்பு என்றே பெயர் வைத்தவர்களை
இப்போதுதான் பார்க்கிறேன்.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
காபிக்கு முன்பே கடன் கணக்கைச் சொல்லிவிடும்
வீடு மாதிரி.

கெம்பம்மா தொழுவத்தில் கடைசி டிரம்மை இறக்கி,
வண்டியைப் பூட்டி
சாவியை அவள் மகனிடம் கொடுத்துவிட்டு
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து திறந்தேன்.
சீறவில்லை.
ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
எவர்சில்வர் டம்ளரில் நிறம் பிடிபடவில்லை.
ஃபோன் விளக்கை அடித்தேன்:
பால் விடாத டிக்காஷன்,
ஓரத்தில் செம்பு.

முதல் வாய்.
முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும்போது
சிவந்துவிட்டது, இன்னும் கருகவில்லை என்கிற
அந்த அரை நிமிஷம்.
அதன் பின்னால் பிஸ்கட்,
டீயில் விழுந்து அடியில் தங்கியது.
அதற்கும் அடியில் வெல்லம்.
இல்லை, வெல்லம் இல்லை,
பாகு முற்றிச் சட்டியில் ஒட்டியதைக்
கரண்டியால் சுரண்டும் சத்தம்.
வாயில் சத்தம் எப்படி வரும்?
வந்தது.

விழுங்கிய பிறகுதான் கசப்பு.
பாகற்காய் என்றால் வாசலிலேயே வந்து நிற்கும்.
இது,
விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகும்
செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும் உறவுக்காரன்.
நாரத்தை இலையைக் கசக்கிய விரலை
நாக்கின் வேரில் வைத்ததுபோல.
போகட்டும் என்று அடுத்த வாய் குடித்தால்
மறுபடி கேழ்வரகு, மறுபடி அவன்.

கையின் சூடு ஏற ஏற
டம்ளர் இன்னும் கொஞ்சம் பேசியது.

காலி செய்த வீட்டுச் சுவரில்
படம் மாட்டியிருந்த வெள்ளைச் சதுரத்தை
நாலு வருஷம் பார்த்தவன் நான்.
நேற்றுதான்
படத்தைப் பார்த்தேன்.

பால் வாளியோடு வந்த கெம்பம்மா
"என்னடா, சக்கை வாசம் அடிக்குது" என்றாள்.
"சக்கைக்கு முன்னாடி இருந்தது."
உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.
உறிஞ்சினாள். முகம் கோணவில்லை.
செவலைப் பசுவை ஒருமுறை பார்த்தாள்,
அது தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தது.
"இத்தனையும் எடுத்துக்கிட்டுத்தான்
எங்க தலையில கட்டுறானுங்களா?
டிரம்முக்கு இருபது ரூபா குறைச்சுக்கோ."

குறைக்கவில்லை.
பாட்டிலைக் கேட்டாள், கொடுத்தேன்.

இன்று காலை ஜோயல் சார் "எப்படி இருந்தது?" என்றார்.
கேழ்வரகு, சட்டி, செருப்பு எல்லாம்
தொண்டை வரை வந்தன.
"நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.
அவர் முகம் கொஞ்சம் வாடியது.

சாயங்காலம் போனபோது
கன்றின் கடைவாயில்
அந்தப் பாட்டிலின் கழுத்தைச் செருகியிருந்தாள் கெம்பம்மா.
வயிற்றுப்போக்குக்கு
வேப்பிலைச் சாறு.
கன்று ஒரு வாய் விழுங்கி, தலையை உதறி,
இரண்டாவது வாய்க்கு
மூக்கைத் தள்ளிக்கொண்டு ஓடியது.
"பிடிடா" என்றாள்.
பிடித்தேன்.