ஒரு பல் பிசகு

வூப்பர்டாலில் ஞாயிற்றுக்கிழமை
சுத்தியலுக்கும் விடுமுறை.
கீழ்வீட்டு ரைன்ஹார்ட் ஒருமுறை
மணியடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெல்ட் அறுந்தபோதும் பெரிய சத்தமில்லை.
ஆட்டோபானில் ஒரு விக்கல்,
அவ்வளவுதான்.
பிஸ்டன் ஏறிய நேரம் பார்த்து
வால்வு இறங்கியிருக்கிறது.
கழற்றிப் பார்த்தால்
பிஸ்டன் முகத்தில் நகம் பதிந்ததுபோல் ஒரு பிறை.

விற்றவனைத் திட்டித் தீர்த்தபின்
ரசீதைத் தேடியெடுத்தேன்.
‘பெல்ட் மாற்றப்படவில்லை’
என்ற வரிக்குக் கீழே
என் கையெழுத்து.

வளைந்த இரண்டுக்கும் பதில் புது வால்வுகள் போட்டாயிற்று.
சாப்பாட்டு மேசையில் எஞ்சின்.
மகளின் சிவப்பு நகப்பூச்சால்
பல்லுக்குப் பல் குறிவைக்கிறேன்.
பெல்ட்டுக்கும் உருளைக்கும் இடையே
ஐந்து மில்லிமீட்டர் அலன் சாவி நுழைய வேண்டும்.
ஆறு நுழையக் கூடாது.

இரவு வேலை முடிந்து வதனி வருகிறாள்.
நான் பகல் வேலைக்காரன்.
வாரநாளில் எங்களுக்குள்
குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய துண்டுக் காகிதங்கள்தான்.
எங்கே சாப்பிடுவது என்று கேட்காமல்
நின்றபடியே தேநீர் குடிக்கிறாள்.
டார்ச்சை வாங்கிக்கொள்கிறாள்.

ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றுகிறேன்.
ஒரு சுற்று.
மெதுவாக இன்னொன்று.
ஒன்று ஏற, ஒன்று விலகுகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கேட்கிறோம்,
எதுவும் எதையும் இடிக்காததை.