கடைசி டிராமுக்குப் பிறகு

ப்ர்னோவில் பன்னிரண்டாம் எண் டிராம்
பணிமனைக்குள் போய் அடங்கினால்தான்
எங்கள் தண்ணீருக்கு வேலை தொடங்கும்.

பதினான்கு மீட்டர் கண்ணாடிக் குழாய்,
உள்ளே இரண்டு விரல் போகும்.
மதியத்திலிருந்தே தொட்டியில் நீர் அசையாமல் கிடக்கிறது.
நிரப்பியபோது பட்ட குலுக்கல்
அதற்கு மறந்திருக்க வேண்டும்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கிறேன்.
வால்வை மயிரிழை திறக்கிறேன்.

ஊதாச் சாயம் புறப்படுகிறது
நூல் பிடித்தாற்போல்.
நடுவில் ஓட்டம், சுவரோரம் ஏறக்குறைய நிற்கிறது,
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகின்றன
பேச்சுவார்த்தை இல்லாத குடித்தனங்கள்.

எவ்வளவு வேகமானாலும் இது கலையாது
என்கிறது சமன்பாடு.
சின்னஞ்சிறு குலுக்கல்கள் தாமே அடங்கிவிடுமாம்.
ஒடகர் மூன்று பக்கத்தில் நிறுவிக் காட்டினான்.
சின்னஞ்சிறு என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
வேகம் கூடக் கூட அது இன்னும் சின்னதாகும் என்றான்,
துடைத்துக்கொண்டே.

நாலு பத்துக்கு
தொட்டியறையில் ஏதோ தட்டியது.

சாயம் சுருண்டது.
ஒரு முழம் குழப்பம்,
முன்னும் பின்னும் தெளிந்த நீர்.
கலைந்தது அப்படியே நகர்ந்து போயிற்று,
நானும் கூடவே,
மூச்சை எண்ணி எண்ணி விட்டபடி.
மூன்றாவது மீட்டர். ஏழாவது.

ரெய்னால்ட்ஸ் எண் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இன்னும் சற்று மேலே போனால்
இவை சாவதற்கு முன் இரண்டாகும், இரண்டு நாலாகும்,
அப்புறம் குழாய் முழுக்க அவைதான்.
இங்கே சாக மட்டும் தெரியும்.
எப்போது என்றுதான் தெரியாது.
இவற்றுக்கு முதுமை கிடையாது:
பிறந்த கணத்திலும் பத்து மீட்டர் வந்தபின்னும்
அடுத்த கணம் போய்விடும் வாய்ப்பு
ஒரே அளவு.
இவ்வளவு தூரம் வந்துவிட்டதே
என்பதற்கெல்லாம் குழாய்க்குள் மதிப்பில்லை.

பதினோராவது மீட்டரில் அவிழ்ந்தது.
பின்னால் வந்த சாயம்
ஒன்றும் நடக்காததுபோல் நேராக வந்தது.

குறிப்பேட்டில் நேரம் எழுதினேன், தூரம் எழுதினேன்.
காரணத்துக்குக் கட்டம் இல்லை.

தொட்டியறையில் திருமதி ஹ்ரொமாத்கோவா
துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.
என் வெறும் காலுறைகளைப் பார்த்தார்.
தொட்டியின் காலை ஒட்டியிருந்த வாளியைப் பார்த்தார்.

"மெதுவாகத்தானே வைத்தேன்" என்றார்.

ஒடகரிடம் கேட்க வேண்டும்
அது எவ்வளவு என்று.
பாதத்தடியில், அதற்குள்,
முதல் டிராம்.