ரசீது எண் 214

தராசு பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும்.
அடியில் ஒரு கூழாங்கல் சிக்கினால் போதும்,
ஒருத்தியின் அரைநாள் காணாமல் போகும்.
அதனால் முதல் கூடை வருமுன்
இருபது கிலோ இரும்புக் கட்டியை ஏற்றி
முள் இருபதில்தான் நிற்கிறதா என்று பார்ப்பேன்.
புருண்டியில், காயன்சா மலைச்சரிவில்,
காபி கழுவும் நிலையத்தில்
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மற்றதெல்லாம் கார்பன் தாள்.

மெதியாத்ரிஸ் எதிர்மலையிலிருந்து வருவாள்.
பள்ளம் இறங்கி, ஓடை தாண்டி, மறுபடி ஏறி.
தலையில் கூடை, முதுகில் தூங்கும் பிள்ளை.
பழத்தைத் தொட்டியில் கொட்டினால்
சொத்தை மிதக்கும்.
யாரும் சொல்லுமுன் தானே அள்ளித் தனியே வைப்பாள்,
கடனைத் திருப்பித் தருகிறவள் முகத்தோடு.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
ரசீதில் உரிமையாளர் என்றொரு கட்டம்:
இல்தெஃபோன்ஸ்.
நான்கு வருடம் முன்பு கிகோமாவுக்குப் போனவன்.
நிலம் அவன் பேரில். மரம் அவன் பேரில்.
பணம் விழும் கைபேசி எண்ணும் அவனோடு போயிற்று.
நினைத்தால் அனுப்புவான்.
பறித்தவர் என்று கட்டம் கிடையாது.

பிறகு தோல் உரியும், நொதிக்கும்,
கால்வாயில் கனமானது கீழே தங்கும்.
மேசையில் பதினெட்டு நாள்.
உச்சி வெயிலுக்கு மூடு, மழைக்கு மூடு, விடிந்தால் திற.
இருபுறமும் பெண்கள் விரலால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.
நாற்றப்பூச்சி கடித்த கொட்டை
ஒன்றே ஒன்று தப்பிவிட்டால்
ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி
யாரோ ஒருவரின் கோப்பையில்
பச்சை உருளைக்கிழங்கு நாறும்.
மதியத்துக்கு மேல் மெதியாத்ரிஸுக்கும் அங்கேதான் கூலி.
தன் பழமா பிறர் பழமா, தெரியாது.
உருளைக்கிழங்கு தெரியும்.

நார்வேயில், பெர்கனில், வறுக்கிறவள் பெயர் இங்வில்.
இரண்டு முறை வந்திருக்கிறாள்.
மேசையருகே நின்று தானும் பொறுக்கிப் பார்த்து
அரைமணியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.
சந்தை விழுந்த வருடமும்
பேசிய விலையில் கை வைக்கவில்லை.
அறுவடைக்கு முன்பே பாதிப் பணம் வந்தது.
நல்லவள். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

ஜனவரியில் ஒரு பையைப் படமெடுத்து அனுப்பினாள்.
மலையின் பெயர், உயரம்,
எங்களுக்குத் தந்தது எவ்வளவு,
ஆலைக்கு, லாரிக்கு, கப்பலுக்கு,
தனக்கு எவ்வளவு என்பதுகூட.
கீழே பொடியெழுத்தில் இருபத்தேழு பெயர்.
பதினான்காவது இல்தெஃபோன்ஸ்.

மெதியாத்ரிஸ் கைபேசியை வாங்கி
இரு விரலால் பெரிதாக்கினாள்,
இன்னும் பெரிதாக்கினாள்,
எழுத்து கட்டங்கட்டமாக உடையும் வரை.
"மரம் எத்தனை என்று அவனைக் கேட்டார்களாமா?"
சிரித்தாள்.
என்னால் முடியவில்லை.
அந்தப் பட்டியலை அனுப்பியவன் நான்.

இங்வில்லுக்கு எழுதினேன்.
பை அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.
அடுத்த நாள் இன்னொரு பதில்:
எவ்வளவு போகிறது என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்,
யார் கைக்குப் போகிறது என்று கேட்கவில்லை.

சங்கத் தலைவர் இல்தெஃபோன்ஸுக்குச் சித்தப்பா.
முதல் கூட்டத்தில் மழையைப் பற்றிப் பேசினோம்.
இரண்டாவதில் வழக்கத்தைப் பற்றி.
மூன்றாவதில் பழைய அடிக்கட்டைகளைக்
கவிழ்த்து வைத்தேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில்
சுமந்து வந்தவர் பெயர்.
எதற்காக எழுதி வைத்தாய் என்றார் தலைவர்.
தெரியவில்லை என்றேன்; உண்மைதான்.
பதினொரு பெண்கள். நான்கு வருடம்.
சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித்
துடைத்தார், துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த மார்ச்சில் ரசீதில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது.
சின்னக் கட்டம்; நீளப் பெயர்கள் வெளியே வழிகின்றன.
நிலம் இன்னும் அவன் பேரில்தான்.

முதல் நாள், வரிசையில் ஆறாவதாக அவள்.
பெயர், என்றேன், தெரிந்துகொண்டே.
முழுப்பெயரையும் சொன்னாள், தகப்பன் பெயர் சேர்த்து.
பிறகு, "எடையைச் சத்தமாகச் சொல்" என்றாள்.

இருபத்தொன்பது புள்ளி ஆறு!

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பிள்ளை விழித்துக்கொண்டது.
எதிர்மலையில் மழை இறங்கத் தொடங்கிவிட்டது,
மேசைகளை மூட வேண்டும்,
அடுத்த கூடை.