நவம்பர் பெட்டி

அக்டோபர் கடைசியில்
செருப்புப் பெட்டி ஒன்றின் மூடியில்
பிளேடால் ஒரு வாய் கீறுவேன்.
ஆபீஸ் சன்னலில் வைத்த மறுநாள்
முதல் மணிக்கு முன்பே வரிசை.

இறந்தவர் பெயரை எழுதிப் போடலாம்.
இரண்டாம் தேதி பூசையில் வாசிப்பார்கள்.
எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி,
கையெழுத்து புரிந்தால் போதும்:
சிஸ்டர் ரெஜினாள் வைத்த ஒரே விதி.

பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை,
பதினான்கு வருடமாக.
எங்கள் வீட்டில் அமாவாசைக்கு விரதம்.

ஐந்தாம் வகுப்பு போடுவதில் பாதி
வெள்ளாடு, நாய்.
ஒரு முறை, 'டைசன், பொமரேனியன், வயது 9'.
அவற்றைத் தனியே எடுத்துவைப்பேன்,
கிழிப்பதில்லை.

மற்றபடி எல்லாம் சோமனூர்தான்.
சைசிங் மில்லில் பாய்லர் வெடித்த அன்று
ஓவர்டைம் பார்த்த நாச்சிமுத்து.
கருமத்தம்பட்டிப் பிரிவில்
லாரியிடம் மாட்டிய கணக்கு வாத்தியார் சூசைமாணிக்கம்,
அவர் மட்டும் அறுபத்து மூன்று சீட்டில்,
ஒவ்வொன்றிலும் 'சார்' சேர்த்து.
பட்டியலில் பட்டம் போடும் வழக்கமில்லை.
நான் 'சார்' என்பதை எடுக்கவில்லை.

போன வருடம் ஒரு சீட்டு ஹிந்தியில்.
கொடிக்கம்பியில் காயப்போட்ட துணி மாதிரி எழுத்து.
ஏழாம் வகுப்பு 'சி'யிலிருந்து
பையனை வரச் சொன்னேன்.
தலைமுடியில் பஞ்சு. அவன் அப்பா
ராத்திரி ஷிப்டில் எட்டுத் தறி ஓட்டுகிறவர்.
"சொல்லு கண்ணு, என்ன பேரு?"
சன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"தங்கச்சிங்க மிஸ். பேரு வைக்கலைங்க"
என்றான், எங்கள் ஊர்த் தமிழில், பிசகாமல்.
சீட்டில் இருந்ததும் அதுதானாம்:
பெயர் வைக்கவில்லை.

அப்படியே அடித்தேன்.
வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

அன்று காலை தூறல்.
மைதானத்துச் சேற்றில் ஆயிரத்து நூறு பேர்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
எந்தச் சாவுக்கும் நிற்காத தறிச் சத்தம்.
பத்துப் பெயருக்கு ஒரு முறை
நித்திய இளைப்பாற்றி கேட்டார்கள்
திருநீற்று நெற்றியும், குல்லா போட்டவனும்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில்.
இளைப்பாற்றி என்றால் என்னடா என்று கேட்டால்
இண்டர்வெல் என்பான் எட்டாம் வகுப்பு.
அதில் தப்பொன்றும் எனக்குத் தெரியவில்லை.

'பெயர் வைக்கவில்லை'
என்று வாசித்தார் சிஸ்டர்.
நிறுத்தவில்லை, தாளை உற்றுப் பார்க்கவில்லை,
ஊரில் நாலு பேருக்கு இருக்கிற பெயர் போல.
பதில் வந்தது, அதே ராகத்தில், அதே அளவு.
ஏழாம் வகுப்பு 'சி' வரிசையில் அவன்
ஷூவின் சேற்றை மற்ற ஷூவால்
தேய்த்துக்கொண்டிருந்தான்.
கேட்டானா, தெரியாது.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில்
செவ்வந்திக் காம்பு, மெழுகுவர்த்திக் குட்டைகளோடு
சீட்டுகளையும் எரித்தோம்.
ஈரத்தில் புகைந்து புகைந்துதான் பிடித்தது.

டிசம்பரில் குடில் பொம்மைகளுக்கு
அதே பெட்டியை எடுத்தேன்.
அடியில், செலோடேப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு சீட்டு.
'மு. வேலாத்தாள்', பென்சிலில்.
வகுப்பு எழுதவில்லை.
யாரோ ஒரு பிள்ளை
அந்தச் சேற்றில் கடைசிப் பெயர் வரைக்கும்
காத்திருந்திருக்கும்.

அடுத்த நவம்பருக்கென்று
ஃபைலில் வைக்கலாம். பதினோரு மாதம்.
ஒரு கையில் ஒட்டகம், ஒரு கையில் சீட்டு.
"வேலாத்தாள்" என்றேன்,
யாரையோ கூப்பிடுவது போல.

எதிர் மேசையில்
ஃபீஸ் ரசீது எண்ணிக்கொண்டிருந்த இருதயராஜ்
தலை தூக்காமல்
பதிலை முழுசாகச் சொல்லி முடித்தார்.
பிறகு விரலில் எச்சில் தொட்டு,
"நானூத்தி எத்தனைல விட்டனுங் மேடம்?"
என்றார்.