வலது கால் முன்னே

எந்தக் கால் என்று கேட்காமலே
உலான் திருகுகளைக் கழற்றிப்
பிடிப்புகளைத் திருப்பி வைத்தான்.
கரகோல் முழுக்கத் தெரிந்திருந்தது
என் இடது முட்டியின் சேதி.

பதினேழு குளிர்காலம் அதுதான் முன்னே.
முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்பார்கள்.
சொன்னவர்கள் யாரும்
பின்வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிறுவர் சரிவில் தொடங்கினேன்.
லிஃப்ட் வாசலில் என் சீட்டை நானே கிழித்து
நானே ஏறினேன்.
பலகை அதே பலகை,
பனி அதே பனி,
உடம்பு மட்டும் யாரோ இரவல் தந்தது.
இடுப்பு புதுத் திசைக்குத் திரும்ப
தோள் பழைய முகவரிக்கே போயிற்று.
குதிகால் விளிம்பு கடித்தது.
மல்லாந்து விழுந்தேன்.
பதினொன்றுக்குப் பிறகு எண்ணவில்லை.

எழுந்து திரும்பிப் பார்த்தால்
இடக்கையால் போட்ட கையெழுத்துபோல
சரிவில் என் கோடு.

மஞ்சள் ஹெல்மெட் போட்ட கனிஷாய்,
வயது ஆறு, வந்து நின்றாள்.
"நீங்களும் புதுசா?"
ஆமாம் என்றேன்.
பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம்,
மாலை நான்கரை,
லிஃப்ட் நின்றபின் மேட்டுச் சரிவிலிருந்து
தனியே இறங்கினேன்.
ஒரு திருப்பம்.
இன்னொன்று.
முட்டி மடங்கியது, நான் சொல்லாமலே.

அப்போதுதான் தலை நிமிர்ந்தேன்.

வலப்பக்கத்து மரங்கள் ஒவ்வொன்றையும் அறிவேன்,
இடி விழுந்த ஊசியிலை மரம்,
அதன்கீழ் துருப்பிடித்த கம்பம்.
இப்போது அவை என் முதுகுக்குப் பின்னே.
முன்னே ஏரி,
தூரத்தில் ஒரு கத்திக் கீற்றாய்.
மேலே நிற்கையில் பார்த்ததுதான்.
இறங்கும்போது ஒருநாளும் பார்த்ததில்லை.
இவ்வளவு காலமும்
பாதிப் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டியே
இறங்கியிருக்கிறேன்.

ஏரிக்கு இப்பால், சரிவை ஒட்டி,
எனக்குத் தெரியாத ஒரு தகரக் கூரை.
புகை.
யாரோ இருக்கிறார்கள் அங்கே.
கொடியில் ஒரு சட்டை
உறைந்து விறைத்து நின்றது,
கைகள் இரண்டையும் விரித்து,
எது முன் எது பின் என்று தெரியாமல்.

அதைப் பார்த்துக்கொண்டே போய்
விழுந்தேன்.
எழ அவசரப்படவில்லை.