பதினோராவது ஷரத்து

வாடகை ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து:
தோல் சோபா ஒன்று, தேக்கு மேசை ஒன்று,
ஒப்படைத்த நிலையிலேயே திருப்பித் தரப்பட வேண்டும்.
தவறினால் டெபாசிட்டில் பிடித்தம்.
நான் கையெழுத்திட்டது மே மாதம்.
மே மாதத்தில் எதற்கும் கையெழுத்திடலாம்.

ஜூலையில்
முலுண்டு மேற்கின் மூன்றாம் மாடியில்
சுவர் வியர்த்தது. தீப்பெட்டி நமத்தது.
உப்பு ஜாடியைக் கவிழ்த்தாலும் இறங்க மறுத்தது.
நாலு நாள் புனே போய்த் திரும்பிக் கதவைத் திறந்தால்
சோபாவின் முதுகெல்லாம் வெள்ளை பூத்திருந்தது,
திருநீற்றுக் கையால் யாரோ தட்டிக்கொடுத்ததுபோல்.

வெயிலில் போடுங்கள் என்றார் வாட்ச்மேன்.
எந்த வெயிலில்?
தேங்காயெண்ணெய் தடவு என்றார்கள் அலுவலகத்தில்.
தடவாதே, தோலுக்குள் போய்ச் சிக்கு வாடை அடிக்கும்
என்றவள் கணக்குப் பிரிவு நஸீமா மட்டும்தான்.
அவள் அண்ணன் தாராவியில் பை தைக்கிறவன்.
வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு.
நனைத்துப் பிழி. பிழிந்ததை மறுபடி பிழி.
துணி ஈரமா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வரும்போது
துடை.
முதலில் யார் கண்ணும் படாத ஒரு மூலையில்.

துடைத்தேன்.
இடது கைப்பிடியில் ஒரு கோடு மட்டும் போகவில்லை.
அழுக்கென்று நினைத்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.
விரலை வைத்துப் பார்த்தால் அது மேடு.
முள்கம்பியோ கொம்போ கீறி
உயிரோடு இருந்தபோதே ஆறிய காயம்.
மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, யாரிடம் என்று தெரியவில்லை.
இரவு முழுக்க மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
நான் புழுங்கிக்கொண்டு தூங்கினேன்.

கை சும்மா இருக்கவில்லை. மேசைக்கு வந்தேன்.
நடுவே ஒரு வெள்ளை வளையம், டம்ளர் அகலம்.
மரத்துக்குள் இறங்காமல்
பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் அது.
பழைய காட்டன் துப்பட்டாவை நாலாக மடித்து
இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன்.
பத்து எண்ணி. மறுபடி பத்து.
ஏழாவது தடவை வளையம் கண்ணாடி மேல் விட்ட மூச்சுபோல
ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி
போயே போய்விட்டது.
தனியாக நின்று கைதட்டினேன் என்றால் நம்புவீர்களா?

ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையில்
வீட்டுக்காரம்மா சுஹாசினி பர்வே
சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார், குடை சொட்டச் சொட்ட.
சோபாவைப் பார்க்கவில்லை.
நேராக மேசைக்குப் போய்
உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி தடவினார்.
“எப்படி எடுத்தாய்?”

சொன்னேன்.
“இஸ்திரிப் பெட்டியா!” என்று சிரித்தார்.
பற்பசை போட்டுப் பார்த்தாராம். சாம்பல், எலுமிச்சை.
டம்ளருக்குக் கீழே ஒரு பேப்பராவது வை என்று
பதினேழு வருஷம் அந்த மனுஷனோடு சண்டையாம்.
போன வருஷம் ஒரு ஆசாரி வந்து
ஐந்நூறு கொடுங்கள், இழைத்தே எடுத்துவிடுகிறேன் என்றானாம்.
“அப்போது என்னவோ, வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.”

ஒப்படைத்த நிலை.
எனக்கு அப்போதுதான் உறைத்தது,
ஷரத்தை மீறியவள் நான் என்று.

தேநீர் கேட்டார். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேன்.
அடியில் வைக்கும் தக்கை என் கையிலேயே இருந்தது.
அவர் பார்த்தார். பார்த்துவிட்டு
டம்ளரை வெறும் மரத்தில் வைத்தார்.
மழையைப் பற்றிப் பேசினோம்,
தானேயில் மகள் வீட்டு லிஃப்டைப் பற்றி,
தண்ணீர் வரி ஏறியதைப் பற்றி.
டெபாசிட் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அவர் போன பிறகு டம்ளரை எடுத்தேன்.
வெள்ளையாக, புதிதாக,
பழைய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி.

துப்பட்டா கொடியில் தொங்குகிறது.
இஸ்திரிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான்.
ஒப்பந்தத்தை எடுத்து
பதினோராவது ஷரத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.