பழைய எண், புதிய எண்

சேப்பாக்கம், சனிக்கிழமை.
பதினேழு கணினிக்கு இருபத்திரண்டு பேர்.
ஏசி ஓடுவதாகச் சத்தம் மட்டும் சொல்கிறது.
ஒரு ஜன்னலில் பறக்கும் ரயில் வந்து நின்று போகிறது,
எதிர் ஜன்னலில் கடல், தன் பாட்டுக்கு.

முதல் ஒரு மணி நேரம்
கோப்புக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொடுத்தேன்.
ஜெபசிங்கின் ஆய்வேடு:
ஃபைனல், ஃபைனல் இரண்டு,
கைடு பார்த்தது, உண்மையான ஃபைனல்.
சிரித்தவர்கள் எல்லாம்
அவரவர் பென்டிரைவைப் பொத்திக்கொண்டார்கள்.

திருவல்லிக்கேணி, ட்ரிப்ளிகேன், டிரிப்லிகேன்,
மூன்றும் ஒரே இடமென்று
ஆட்டோக்காரருக்குத் தெரியும்,
இதற்குத் தெரியாது என்றேன்.
ஓர் எழுத்து பிசகினால் புதிதாக ஓர் ஊர் கட்டிவிடும்.

அப்போதுதான் சகாயராணி கையைத் தூக்கினாள்.
"மேடம், என் வீடெல்லாம் தேதியாயிடுச்சு."

சமூகப்பணித் துறை. கூவம் கரை.
இரண்டு கோடை நடந்து எழுதிய
அறுநூற்றுப் பதினான்கு வீடுகள்.
பழைய எண் மூன்று, புதிய எண் பன்னிரண்டு,
நடுவில் ஒரு சாய்கோடு.
டிசம்பர் மூன்று என்று படித்துவிட்டது கணினி.
பக்கத்து வீடு ஆகஸ்ட் ஐந்து.
எதிர்வீடு பிப்ரவரி ஒன்பது.
சந்து முழுக்க நாள்காட்டி.
இரண்டு எண்ணும் பெரியதாய் இருந்த சில வீடுகள் மட்டும்
வீடாகவே தப்பித்து நின்றன.

"எல்லா வீட்டுக்கும் நாள் குறிச்சுட்டுதே"
என்றேன், வேடிக்கையாக.
"அது முன்னாடியே குறிச்சாச்சு மேடம்"
என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

உரை என்று மாற்றிப் பார்த்தோம்.
நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்று
என்னவோ எண்கள் வந்தன.
போன கதவு திரும்பவில்லை.
"மூலம் இருக்கா?"
பையிலிருந்து எடுத்தாள்:
மழையில் உப்பிய நோட்டு, பென்சில் எழுத்து.
மூலத்தைத் தொடாதே என்று
காலையில் பலகையில் எழுதியது நான்தான்.
அதன் பொருள் மதியம் எனக்கு விளங்கியது.

மின்சாரம் ஒரு முறை போய் வந்தது.
டீ வந்தது, போண்டா வரவில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்ற நெடுவரிசையில்
நாற்பத்தொரு கட்டம் காலி.
"சைபர் போட்டுடலாமே" என்றது பின்வரிசை.
சைபர் ஒரு பதில்.
காலி, பதில் வராத கேள்வி.
பத்து வருஷமாகச் சொல்லும் வாக்கியம்,
அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன்.

"எந்தக் காலி மேடம்?" என்றாள்.
"பூட்டியிருந்தது ஒண்ணு.
கதவைத் திறந்து, சொல்ல மாட்டேன்னது ஒண்ணு.
போன மாசம் பார்த்து வெச்சிருந்தேன்,
திரும்பப் போனா
கதவே இல்ல.
எண் எழுதின தகரம் மட்டும் கெடந்துது.
மூணுக்கும் ஒரே காலியா?"

என் கையேட்டில் ஒரே ஒரு குறிதான் இருந்தது.

துடைத்துவிட்டுப் பலகையில் புதிதாக எழுதினோம்.
ஒன்று, பூட்டு.
இரண்டு, மறுப்பு.
மூன்று என்று எழுதிவிட்டு
சாக்பீஸ் கொஞ்ச நேரம் நின்றது.
இடிப்பு என்றான் ஜெபசிங்.
எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்,
கடல் நண்டு எண்ணுகிற பையன்கூட.

இருட்டிய பின் வீடு வந்தேன்.
எங்கள் வாசலிலும் இரண்டு எண்கள்,
பழையது ஏழு, புதியது பதினொன்று;
நவம்பரில் ஏதோ ஒரு நாள்.
சாவியைத் துழாவும்போது தோன்றியது,
இன்று பகலில் யாராவது நோட்டோடு வந்திருந்தால்
நான் ஒன்று.
இன்றைக்கு
ஒன்றுதான்.